நான் பிழை என்று ஒதுக்கிய துடிப்பு

அக்கா,

இன்று காலை லேப் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த புதுப் பெண், கீழ்த்தட்டின் மூலையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினாள். "மேடம், இதுல பூந்திக்கொட்டை கெடக்குது. யாரு வச்சான்னு தெரியல. தூக்கிப் போட்டுரவா?"

பையைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. காலேஜ் பயோமெடிக்கல் லேபில் பூந்திக்கொட்டைக்கு என்ன வேலை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாணவர்கள் ஓடும்போது மார்பில் கட்டிக்கொள்ளும் பட்டைகளை சோப்பில் அலசினால் உள்பக்கம் வழவழப்பாகி நழுவுகிறது என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் அலசி, ஜன்னல் கம்பியில் வரிசையாகக் காயப்போடுவீர்கள். "இருக்கட்டும்மா, வச்சிரு" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ பார்ப்பதுபோல உட்கார்ந்துகொண்டேன். திரை அணைந்துதான் இருந்தது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உங்களிடம் சொன்னதும் உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது ஒரு ஆடி மாதம். கைக்கடிகாரங்கள் இதயத் துடிப்பைக் காட்டுகின்றனவே, உடற்பயிற்சியின்போது அந்த எண் எந்த அளவுக்குச் சரி என்று பார்ப்பதுதான் வேலை. ஒரே ஆளுக்கு மார்பில் ஒரு பட்டை, கையில் ஒரு கடிகாரம். டிரெட்மில்லில் முதலில் நடக்கவிட்டு, பிறகு ஓடவிட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஹாஸ்டல் பசங்களில் இருபது பேர் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் இருபது வயசு, எல்லாரும் ஒல்லி. இப்படியே போனால் ஹாஸ்டல் பசங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்தீர்கள்.

"என்னைய ஓட வுடுங்களேன் மேடம். நான் ஒல்லியும் இல்ல, வயசுப் புள்ளையும் இல்ல."

லேப் அட்டெண்டராக நீங்கள் வந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. எறையூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவீர்கள். அரியலூரிலிருந்து நான் வருவேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ் முதலில் வந்தாலும் மற்றவருக்காகக் காத்திருப்பது நம் இருவருக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது. சிமெண்ட் லாரிப் புழுதியை நான் முகத்தில் சுமந்து வருவேன். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் உங்கள் புடவையில் கரும்புப்பாகு வாசம் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அந்த ஆலையில் வேலை பார்த்தார். மகள் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவர் நீங்கள். நான் அக்கா என்பேன். நீங்கள் என்னை மேடம் என்றே சொல்வீர்கள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "வாயில வந்துருச்சு, வுடுங்க" என்பீர்கள்.

ஓடுவதற்கு முன்னால் ஒரு படிவம் இருந்தது. நான் வாசித்தேன், நீங்கள் பதில் சொன்னீர்கள். சர்க்கரை இல்லை. ரத்தக் கொதிப்பு இல்லை. "நடந்தா மூச்சு வாங்குமா?" என்று கேட்டேன். "மாடிப்படி ஏறுனா கொஞ்சம் எளைக்கும். அது எல்லாருக்கும்தான மேடம்?" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த டிக் என் கையால் போட்டது.

சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள், மகளுடையது. வெட்கத்தில் துப்பட்டாவை மூன்று தடவை சரிசெய்தீர்கள். கடிகாரத்தைக் கட்டியதும் திருப்பிப் பார்த்து, "இது எதுக்கு பச்சையா மின்னுது?" என்று கேட்டீர்கள்.

சொன்னேன். மார்புப் பட்டை இதயத்திலிருந்து வரும் மின்சாரத்தையே நேராகப் பிடிக்கிறது. கடிகாரத்துக்கு அது முடியாது. அது தோலுக்குள் பச்சை வெளிச்சத்தை அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் பெருகும். பெருகும்போது வெளிச்சத்தைக் கூடுதலாகக் குடித்துவிடும். திரும்பி வரும் வெளிச்சம் எத்தனை தடவை குறைகிறது என்று எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒழுங்காக எண்ணும். ஓட ஆரம்பித்தால் கை வீசும், கடிகாரம் ஆடும், வெளிச்சமும் ஆடும். சில சமயம் காலடியை எண்ணிவிட்டு அதையே இதயத்துடிப்பு என்று காட்டிவிடும்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "காலைப் பாத்துட்டு நெஞ்சுன்னு சொல்லுதா? நல்லா இருக்குது போங்க!"

அன்றைக்கு உங்கள் கணக்கு சரியாக வரவில்லை. நடக்கும்வரை பட்டையும் கடிகாரமும் ஒத்துப்போயின. மெதுவாக ஓட ஆரம்பித்த நாலாவது நிமிஷம் பட்டையின் கோடு கிறுக்கலாகிவிட்டது. தொண்ணூற்றாறு, நூற்று நாற்பது, நூற்றுப் பதினைந்து, நூற்று அறுபது என்று தாவியது. கடிகாரமோ நூற்று இருபதைச் சுற்றி அழகாக, வழுவழுப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. பட்டைதான் நழுவியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அளவுகோலே ஆடும்போது எதை எதனோடு ஒப்பிடுவது? கம்ப்யூட்டரில் உங்கள் வரியைச் சிவப்பாக்கினேன். சிவப்பு என்றால் பிழை, கணக்கில் சேராது என்று பொருள்.

மறுநாள் தரவுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பின்னால் வந்து நின்றீர்கள்.

"எல்லாரும் வெள்ளையா இருக்காங்க. நான் மட்டும் ஏன் மேடம் செவப்பு?"

"ஒண்ணுமில்லக்கா, பட்டை சரியா ஒட்டல."

"நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா?"

"சேச்சே, இல்லக்கா."

நீங்கள் நம்பவில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி அந்த வாரம் முழுவதும் இருந்தீர்கள். அதன் பிறகுதான் பூந்திக்கொட்டை வந்தது. பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்துக் கட்ட வேண்டும் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைக்க ஆரம்பித்தீர்கள். வளையலைக் கழற்றினீர்கள். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, அசையாமல் இறுக்கிக் கட்டப் பழகினீர்கள்.

ஆவணியில் இரண்டாவது தடவை ஓடினீர்கள். மறுபடியும் அதே கிறுக்கல். இந்தத் தடவை நான் கையைக் குறை சொன்னேன். உங்கள் இடது முன்கையில், சின்ன வயதில் பச்சை குத்தியிருந்தார்கள். தேளும் ஒரு கோலமும். மை படிந்த தோலுக்குள் வெளிச்சம் ஒழுங்காகப் போகாது என்று விளக்கினேன்.

"பச்சை வெளக்குக்குப் பச்சை ஆவாதா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அந்தத் தேளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அப்ப பட்டை? அது நெஞ்சுலதான இருக்குது? அங்க யாரும் பச்சை குத்தலியே மேடம்."

சரியான கேள்வி அது. ஒரு மாணவி கேட்டிருந்தால் நின்று யோசித்திருப்பேன். நீங்கள் கேட்டதால் "அது வேற பிரச்சினைக்கா" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

கார்த்திகையில் ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப் காலியாக இருந்தது. "கடைசியா ஒரு தடவை மேடம். இன்னிக்குச் செவப்பு வந்தா நான் கேக்கவே மாட்டேன்" என்றீர்கள். வலது கையில் கடிகாரம். நனைத்துக் கட்டிய பட்டை. கொஞ்ச தூரம் நடந்தீர்கள், பிறகு ஓடினீர்கள். கோடு தாவ ஆரம்பித்ததும் நானே மெஷினை நிறுத்தினேன். "உக்காருங்கக்கா, போதும்." உங்கள் உதடு கொஞ்சம் நீலம் பாரித்திருந்ததுபோலத் தோன்றியது. டியூப்லைட் வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு விரலைக் கழுத்தில் வைத்தீர்கள். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பழகியது. இன்னொரு கையால் இரும்பு மேசையில் தட்ட ஆரம்பித்தீர்கள். ஒரு தட்டு. உடனே இரண்டு. கொஞ்சம் இடைவெளி. ஒன்று. மூன்று அடுத்தடுத்து. நீண்ட இடைவெளி. ஒன்று.

எனக்கு முன்னால் திரை இருந்தது. பட்டையிலிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு புள்ளி விழுந்துகொண்டிருந்தது. உங்கள் முதுகு திரைப்பக்கம், கண்ணும் மூடியிருந்தது. நீங்கள் தட்டத் தட்டப் புள்ளி விழுந்தது. இரண்டு தட்டினால் இரண்டு புள்ளி. நீங்கள் நிறுத்தினால் திரையிலும் வெறுமை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இப்படித்தான் மேடம் இருக்குது," என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே. "பட்டை தப்பாக் காட்டல. நான்தான் அப்படி."

எழுந்து வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாலு மாதமாக உங்கள் துடிப்பை அளந்துகொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு குருவி கம்பிக்குக் கம்பி தாவுவதுபோல இருந்தது.

மூலையில் இருந்த ஈசிஜி மெஷினை இழுத்து வந்தேன். ஓடிவந்த தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, "கௌம்புங்கக்கா, ஆஸ்பத்திரி போலாம்" என்றேன். "மூணு மணி பேட்ச்சுக்கு யாரு எடுத்து வைக்கறது?" என்று கேட்டீர்கள். நான் கோபப்பட்டேன். கோபம் உங்கள்மேல் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெரம்பலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஸ்கேன் செய்துகொண்டே, "சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், மூட்டெல்லாம் வீங்கி வலின்னு படுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "ஒம்பது வயசுல மூணு மாசம் பள்ளிக்கூடம் போவல சார்" என்றீர்கள். அந்தக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. முப்பது வருஷத்தில் வால்வு மெல்ல மெல்லச் சுருங்கி, ரத்தம் போகிற வழி குறுகிவிட்டது. சும்மா இருக்கும்போது சமாளித்துக்கொள்ளும் இதயம், ஓடினால் தாளம் தப்பிவிடுகிறது. மாடிப்படி ஏறினால் இளைத்தது எல்லாருக்கும் இளைப்பது போன்றதல்ல.

அட்மிஷன் போடும்போது நர்ஸ் நிமிராமல் கேட்டார்: "கூட வந்திருக்கது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "என் தங்கச்சி."

அதற்கு அடுத்த நிமிஷமே என்னிடம் திரும்பி, "மேடம், அந்தத் தண்ணி பாட்டில எடுங்க" என்றீர்கள். நர்ஸ் ஒரு மாதிரிப் பார்த்தார். நாம் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

தொடை ரத்தக்குழாய் வழியாகச் சின்னப் பலூன் வைத்து வால்வைத் திறக்கலாம், நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்று முடிவானது. அண்ணன் ஆலையில் லீவு சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார். அன்று ராத்திரி வார்டில் நீங்களும் நானும்தான். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தீர்கள். அப்போது சொன்னேன்.

"அக்கா, ஆடி மாசமே உங்களுக்கு இது இருந்திருக்கு. பட்டை சரியாத்தான் காட்டியிருக்கு. நான்தான் பிழைன்னு எடுத்துட்டேன். நீங்க கேட்டப்பவும் காதுல வாங்கல."

இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டீர்கள். "அழிச்சிட்டீங்களா, ஒதுக்கி வச்சீங்களா?"

"ஒதுக்கித்தான் வச்சேன்."

"அப்ப இருக்குதுல்ல? எடுத்து டாக்டரு கிட்டக் காட்டுங்க. எப்பலேருந்து இருக்குதுன்னு அவரு தெரிஞ்சுக்கட்டும்."

அவ்வளவுதான். என்னைத் திட்டுவதற்கோ மன்னிப்பதற்கோ நீங்கள் நேரம் செலவு செய்யவில்லை. நான் அழுததைப் பார்த்து, "மொதல்ல சாப்புடுங்க, ஆறுது" என்று பாதி இட்லியை என் பக்கம் தள்ளினீர்கள்.

லேப்டாப்பைத் திறந்து, சிவப்பு வரிகளைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டினேன். ஆடியில் ஓடிய நாலாவது நிமிஷத்திலிருந்து துடிப்புக்குத் துடிப்பு எல்லாம் இருந்தது. அவர் ஆர்வமாகப் பார்த்தார். வராந்தாவில் அவரைத் தனியாக நிறுத்தி, "இந்த நாலு மாசம் தள்ளிப் போனதால ஏதாவது கெட்டுப் போச்சா டாக்டர்?" என்று கேட்டேன். "முப்பது வருஷமா வந்த வியாதிம்மா. நாலு மாசத்துல பெருசா ஒண்ணும் மாறியிருக்காது" என்றார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

தை மாதம் பலூன் வைத்தார்கள். நீங்கள் எழுந்து நடந்த முதல் நாள் போனில் சொன்னது நினைவிருக்கிறது: "மேடம், மூச்சு உள்ள எவ்வளவு தூரம் போவுது தெரியுமா!"

சித்திரையில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டுதல் என்று சொல்லி அரியலூர் வந்தீர்கள். என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, ஆட்டோ கூப்பிடப் போன என்னைத் தடுத்தீர்கள். "நடக்கறதாத்தான் வேண்டியிருக்கேன்." வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினோம். டாக்டர் நடக்கலாம் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு உதறல்தான். பையில் பட்டையும் கடிகாரமும் இருந்தன. எடுக்கப் போனால், "இன்னிக்கு அதெல்லாம் வேணாம். சும்மா பேசிக்கிட்டே போவோம்" என்று சொல்லிவிட்டீர்கள்.

அன்றைக்கு என்னென்னவோ பேசினோம். மகள் கணக்கில் தொண்ணூறு வாங்கியது. உப்பு குறைத்த சமையலில் அண்ணன் உங்களுக்குப் பயந்து ரகசியமாக உப்பு போட்டுக்கொள்வது. பக்கத்துக் கல் குவாரியில் வெடி வைத்தால் எங்கள் தெரு ஜன்னல்கள் அதிர்வது. பாதி வழியில் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் உங்கள் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தது தெரிந்துவிட்டது. ஒரு வேப்பமர நிழலில் நின்று, கையை நீட்டினீர்கள்.

"சரி, புடிச்சுப் பாத்துக்கங்க. அப்பத்தான் நீங்க நிம்மதியா வருவீங்க."

ரோட்டோரம் நின்று ஒரு நிமிஷம் பிடித்தேன். ஒரே சீராக இருந்தது. எனக்குத்தான் படபடவென்று அடித்துக்கொண்டது. "யாரு கை புடிச்சு யாரு பாக்கறதுன்னே தெரியல" என்று சிரித்தீர்கள். கோயில் வாசலில் தேங்காய் வாங்கும்போது உங்களுக்கு வேர்த்திருந்தது, இளைக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஒருநாளும் நீங்கள் தவறவிட்டதில்லை. ஓடக்கூடாது, நடக்கலாம் என்றார்கள், நடந்தீர்கள். லேபில் பட்டையும் கடிகாரமும் கட்டுகிற வேலை முழுக்க உங்களுடையதாகிவிட்டது. "கிரீம் தடவியிருக்கியா? போய்க் கழுவிட்டு வா." "மோதிரம், கயிறு எல்லாம் கழட்டு." "இறுக்கமா இருக்கணும், ஆனா தோலு மடங்கக் கூடாது." நீங்கள் கட்டிய நாட்களில் கடிகாரங்கள் சொன்ன பொய் குறைந்தது, கணக்கிலேயே தெரிந்தது. யாருடைய வரியாவது சிவப்பாக வந்தால், அந்த ஆளை நீங்களே போய்க் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவீர்கள். பெரும்பாலும் பட்டைதான் நழுவியிருக்கும். ஆனாலும் பிடித்துப் பார்க்காமல் என்னை விடமாட்டீர்கள்.

உங்கள் பிறந்தநாள் எது என்று உங்களுக்கே தெரியாததால், பலூன் வைத்த நாளைப் பிறந்தநாளாக வைத்து, ஒரு கடிகாரம் வாங்கித் தந்தேன். அதைக் கழற்றவே மாட்டீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களிடமெல்லாம் அதைக் காட்டி விளக்குவீர்களாம்; அண்ணன் சொல்லியிருக்கிறார்.

போன ஆவணியில், நான் வகுப்பில் இருந்தபோது அண்ணன் போன் செய்தார். "பல்லு வெளக்கிட்டு இருந்தா மேடம். பேச்சு கொளறுச்சு. கை தொவண்டு போச்சு." ஒரு ரத்தக்கட்டி மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டாலும் சிலருக்கு இப்படி ஆவது உண்டு என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் கண் திறக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்ற வேண்டாம் என்று மகள் கெஞ்சியதால் கையிலேயே விட்டு வைத்திருந்தார்கள். எண்பத்தெட்டு காட்டியது. பழக்கத்தில் நான் மானிட்டரோடு ஒப்பிட்டேன். அதிலும் எண்பத்தெட்டு. மிகச் சரியாகக் காட்டியது அக்கா. உங்கள் தலைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நீங்கள் போய்விட்டீர்கள். டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்காக வெளியே போயிருந்தார். நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி, மடித்த வெள்ளைத் துண்டின்மேல் வைத்து, மகளிடம் கொடுத்தார். வராந்தா பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"மேடம்! இங்க பாருங்க. அறுபத்தொண்ணு காட்டுது. அம்மாவுக்கு இருக்குது மேடம். சிஸ்டரக் கூப்புடுங்க!"

துண்டின்மேல் பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தது. எண் அறுபத்தொன்று. பிறகு அறுபத்து மூன்று.

அது என்ன என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் துணியில் பட்டுத் திரும்பும்; அவள் மடி நடுங்க, துண்டும் நடுங்கும்; துடிப்பைத் தேடுவதற்கென்றே செய்த பொருள் அந்த நடுக்கத்தில் ஒரு துடிப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வருஷமும் நானே ஒரு கடிகாரத்தைத் துணியில் சுற்றி, மாணவர்களுக்குக் காட்டிச் சிரிக்கவைப்பேன். இந்த இரண்டு மாவட்டத்திலும் இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் அக்கா, அந்த எண்ணைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தும்விட்டேன்.

பிறகு உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வெளிச்சம், துணி, நடுக்கம் என்று பாடம் நடத்த முடியுமா? அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அவளுடைய இரண்டு விரலை உங்கள் கழுத்தில் வைத்தேன். பக்கத்தில் என் விரலையும் வைத்தேன்.

"ஒரு நிமிஷம் இருப்போம்மா" என்றேன். "முழுசா ஒரு நிமிஷம்."

இருந்தோம். உங்கள் கழுத்தில் இன்னும் சூடு இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள், நீங்கள் அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு. நான் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருந்திருப்போம். பிறகு அவளாகவே கையை எடுத்து, உங்கள் தாலிக்கயிற்றைச் சரியாக்கிவிட்டு, "சரி மேடம்" என்றாள். கடிகாரத்தை நான் வாங்கி அணைத்தேன்.

அவள் இப்போது திருச்சியில் காலேஜில் சேர்ந்துவிட்டாள். கணக்குதான் எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். என்னைச் சித்தி என்கிறாள். நீங்கள் கடைசிவரை என்னை உறவுமுறை சொல்லிக் கூப்பிடவில்லை; அவள், நீங்கள் போன முதல் வாரத்திலேயே கூப்பிட்டுவிட்டாள்.

என் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. உங்கள் மூன்று ஓட்டங்களும் அதில் இருக்கின்றன. கடிகாரம் வழுவழுப்பாகக் கோடு போட்ட இடத்தில் உண்மை கிறுக்கலாக இருந்தது என்றும், அளந்தவர் அதைப் பிழை என்று தவறாக ஒதுக்கினார் என்றும் எழுதினேன். 'அளந்தவர்' என்றுதான் எழுத முடிந்தது. கட்டுரையில் 'நான்' என்று எழுத விடமாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நான்தான் அக்கா. அந்த நாலு மாதம் என்னோடு இருக்கிறது. டாக்டர் சொன்னதை வைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளும் நாட்களும் உண்டு, முடியாத நாட்களும் உண்டு. அதை இறக்கி வைக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் நான் முயற்சி செய்வதில்லை.

புது பேட்ச் வரும்போது முதல் வகுப்பில் எந்தக் கருவியையும் தருவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டை ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்கிறேன். முதலில் கிசுகிசுப்பும் சிரிப்புமாக இருக்கும், பிறகு அடங்கிவிடும். முடிந்ததும் ஆளாளுக்கு எழுபத்தாறு, எண்பத்திரண்டு என்று கத்துவார்கள். "எத்தன வந்தா சரி மேடம்?" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

"எத்தனைன்னு நான் கேக்கலயே," என்பேன். "எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

 ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு வகுப்பு முழுவதும் குனிந்து, பக்கத்தில் இருப்பவரின் கையை இன்னொரு தடவை, இந்த முறை மெதுவாகப் பிடிக்கிறது.